மூன்று மாதக் கணக்கும் ஐந்து வருட உழைப்பும்

(இரண்டாமாண்டு டிப்ளமோ மாணவன், மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு யூனியன் செயலாளர் நம் வகுப்புக்கு வந்தபோது நான் கை தூக்கவில்லை. எனக்குக் கவிதை வராது. கதையும் வராது. ஆனால் ஒரு கடையில் நடந்த பேச்சு ஒரு வருடமாக மனதில் கிடந்தது. அதை எழுதினால் நாலு பேருக்குப் பிரயோஜனமாக இருக்கும் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன்.

2024 நவம்பர் மாதம். முதல் வருடம் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. அம்மா மகளிர் சுய உதவிக் குழுவில் கடன் வாங்கி, எனக்கு ஒரு பழைய லேப்டாப் வாங்கித் தர ஏற்பாடு செய்தார். அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம். கடையில் இரண்டு லேப்டாப் காட்டினார்கள். ஒன்று 15,000 ரூபாய், இன்டெல் ப்ராசஸர். இன்னொன்று 19,000 ரூபாய், ஏ.எம்.டி. ப்ராசஸர். கடைக்காரர், "இன்டெல் வேண்டாம் தம்பி. அந்தக் கம்பெனி பயங்கர நஷ்டம். பேப்பர்ல பாக்கலயா? சீக்கிரம் மூடிருவாங்க" என்றார்.

எனக்குப் பகீர் என்றது. ஆனால் அப்பா நிதானமாகக் கேட்டார்: "நஷ்டம்னா எப்படிங்க? தறி ஓடி நஷ்டமா, தறி நின்னு நஷ்டமா?"

கடைக்காரர் சிரித்துவிட்டார். அப்பா என் பக்கம் திரும்பி, "நீதான கண்ணு படிக்கிற, நீ சொல்லு" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை. வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவனுக்கு, அப்பா கேட்ட முதல் கேள்விக்கே பதில் தெரியாமல் போனது. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

காலாண்டு அறிக்கை என்றால் என்ன?

அமெரிக்காவில் பங்குச் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு நிறுவனமும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன் வரவு செலவை வெளியிட வேண்டும். இது சட்டம். நமக்குப் பள்ளியில் காலாண்டுப் பரீட்சை இருந்தது போல, அவர்களுக்கு வருடத்தில் நாலு பரீட்சை. ப்ராசஸர் செய்யும் இன்டெல், ஏ.எம்.டி. இரண்டுக்கும் இது பொருந்தும்.

அறிக்கை பல பக்கம் இருக்கும். நமக்கு வேண்டியது நாலு வரிதான். கணக்குச் சுலபமாக இருக்க ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம்.

1. வருவாய்: ப்ராசஸர் விற்று வந்த பணம். 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

2. மொத்த லாபம்: அந்தச் சரக்கைச் செய்ய ஆன செலவு (மூலப்பொருள், ஆலை, இயந்திரத் தேய்மானம், கூலி) 45 ரூபாய். மீதி 55. இதைத்தான் மொத்த லாப விகிதம் 55 சதவீதம் என்கிறார்கள்.

3. இயக்க லாபம்: இந்த 55-ல் ஆராய்ச்சிக்கு 25, விற்பனைக்கும் அலுவலகத்துக்கும் 10 போய்விடும். மீதி 20.

4. நிகர லாபம்: வட்டி, வரி எல்லாம் போக மிஞ்சுவது. ஒரு 17 ரூபாய்.

பத்திரிகைத் தலைப்பில் வருவது பெரும்பாலும் நாலாவது வரிதான். ஆனால் நிறுவனத்தின் உடம்பு நிலை தெரிய வேண்டுமானால் இரண்டாவது வரியைப் பார்க்க வேண்டும். பத்து ரூபாய்க்குச் செய்ததை எத்தனை ரூபாய்க்கு விற்க முடிகிறது என்பது அதில்தான் தெரியும். சரக்கு மட்டமாக இருந்தாலோ, எதிராளி நல்ல சரக்கு கொண்டு வந்தாலோ, முதலில் அடி வாங்குவது இந்த வரிதான்.

இதோடு கடைசியில் இன்னொன்றும் இருக்கும். அடுத்த மூன்று மாதத்தில் எவ்வளவு விற்கும் என்று நிறுவனமே சொல்லும் முன்கணிப்பு அது. பங்கு விலை பல நேரம் முடிந்த கணக்கை விட்டுவிட்டு இந்த முன்கணிப்பின் பின்னால்தான் ஓடும்.

இரண்டு நிறுவனங்களின் முன்கதை

இன்டெல் 1968-ல் ராபர்ட் நாய்ஸ், கார்டன் மூர் இருவரும் தொடங்கியது. ஏ.எம்.டி. 1969-ல் ஜெர்ரி சாண்டர்ஸ் என்பவரும் அவர் நண்பர்களும் தொடங்கியது. இரு தரப்புமே ஃபேர்சைல்ட் என்ற ஒரே நிறுவனத்திலிருந்து வெளியே வந்தவர்கள். பங்காளிகள் என்றே சொல்லலாம்.

1971-ல் இன்டெல் 4004 என்ற நுண்செயலியை வெளியிட்டது. அதில் சுமார் 2,300 டிரான்சிஸ்டர்கள். அதன் பிறகு வந்தவைதான் நாம் மைக்ரோப்ராசஸர் பாடத்தில் படிக்கிற 8085, 8086 எல்லாம். 1981-ல் ஐ.பி.எம். தன் பெர்சனல் கம்ப்யூட்டருக்கு இன்டெல் 8088-ஐ எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரே கடையை நம்பி இருக்க ஐ.பி.எம்.-க்கு விருப்பமில்லை. இன்னொரு நிறுவனமும் அதே ப்ராசஸரைச் செய்து தர வேண்டும் என்றது. அப்படி 1982-ல் ஒப்பந்தம் போட்டு உள்ளே வந்ததுதான் ஏ.எம்.டி.

1985-ல் 386 வந்தபோது அதைச் செய்யும் உரிமையை ஏ.எம்.டி.-க்குத் தர இன்டெல் மறுத்துவிட்டது. வழக்கு பல வருடம் நடந்தது. 1991-ல் ஏ.எம்.டி. தானே ஒரு 386-ஐச் செய்து விற்றது. 1995-ல் சமரசம் ஆனது. 1999-ல் அத்லான், 2003-ல் 64 பிட் ஆப்டெரான் என்று ஏ.எம்.டி. முன்னே போனது. 2006-ல் கோர் 2 கொண்டு வந்து இன்டெல் மறுபடி முந்தியது. இந்த ஓட்டத்தில் ஒரு சுவாரசியம் உண்டு. பென்டியம் உருவான குழுவில் முக்கியப் பங்கு வகித்த வினோத் தாம் நம் நாட்டில், புனேயில் பிறந்தவர். அவர் 1995-ல் இன்டெலை விட்டு நெக்ஸ்ஜென் என்ற சிறு நிறுவனத்துக்குப் போனார். அந்த நிறுவனத்தை ஏ.எம்.டி. வாங்கியது. அதிலிருந்து 1997-ல் வந்த கே6, பென்டியத்துக்கே போட்டியானது!

சரி, கதை போதும். இனி மூன்று காலாண்டுகளைப் பார்ப்போம்.

பாடம் ஒன்று: 1994-ன் கடைசிக் காலாண்டு

பென்டியம் ப்ராசஸரில் ஒரு தவறு இருந்தது. சில குறிப்பிட்ட எண்களை வகுத்தால் விடை கொஞ்சம் பிசகும். தாமஸ் நைஸ்லி என்ற கணிதப் பேராசிரியர் அதைக் கண்டுபிடித்தார். சாதாரண ஆளுக்கு இந்தத் தவறு 27,000 வருடத்துக்கு ஒரு முறைதான் வரும் என்று இன்டெல் சொன்னது. மக்கள் ஒத்துக்கொள்ளவில்லை. கணக்குப் போடுகிற இயந்திரம் தப்பாகக் கணக்குப் போட்டால் யார் ஒத்துக்கொள்வார்கள்? கடைசியில் 1994 டிசம்பரில், கேட்பவர்களுக்கெல்லாம் இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று அறிவித்தார்கள். அதற்கு ஆன செலவு 47.5 கோடி டாலர். அதை அந்த ஒரே காலாண்டில் எழுதினார்கள்.

அந்தக் காலாண்டை மட்டும் பார்த்தவர், "இன்டெல் அவ்வளவுதான்" என்று சொல்லியிருப்பார். ஆனால் 1994-ல் சுமார் 1,150 கோடி டாலராக இருந்த விற்பனை, 1995-ல் சுமார் 1,620 கோடி டாலர் ஆனது. அந்தச் செலவு வாங்குபவர்களின் நம்பிக்கையைத் திரும்பப் பெறக் கொடுத்த விலை. மூன்று மாதக் கணக்கில் அது வெறும் கழித்தலாகத்தான் தெரியும்.

பாடம் இரண்டு: 2020-ன் இரண்டாவது காலாண்டு

2020 ஜூலை 23. கொரோனா காலம். வீட்டிலிருந்தே வேலை, வீட்டிலிருந்தே படிப்பு. எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்கினார்கள். இன்டெல் வருவாய் 1,970 கோடி டாலர். முந்தைய வருடம் இதே காலாண்டைவிட 20 சதவீதம் அதிகம். நிகர லாபம் 510 கோடி டாலர். முதல் வகுப்பு மார்க் என்று சொல்வோம் இல்லையா?

மறுநாள் இன்டெல் பங்கு சுமார் 16 சதவீதம் விழுந்தது. அதே நாளில் ஏ.எம்.டி. பங்கு கிட்டத்தட்ட அதே அளவு ஏறியது. ஏன்?

அறிக்கையோடு இன்னொரு செய்தியும் இருந்தது. அடுத்த தலைமுறையான 7 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் யீல்டு எதிர்பார்த்ததைவிட ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறது, ப்ராசஸர்கள் சுமார் ஆறு மாதம் தள்ளிப் போகும் என்பதுதான் அது.

யீல்டு என்றால் என்ன? ஒரு சிலிக்கான் வேஃபரில் 200 சிப் அச்சாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வேஃபருக்கு ஆகும் செலவு 8,000 ரூபாய். 160 சிப் நல்லதாக வந்தால் ஒன்றின் அடக்கம் 50 ரூபாய். 80 மட்டும் நல்லதாக வந்தால் ஒன்றின் அடக்கம் 100 ரூபாய். செலவு அதேதான், ஆனால் அடக்கவிலை இரண்டு மடங்கு. பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தால் துணி எப்படித் தேறும்? அது போலத்தான். எனவே அன்றைய லாபத்தைச் சந்தை பார்க்கவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து வரப்போகும் கணக்கைப் பார்த்தது.

பாடம் மூன்று: 2024-ன் மூன்றாவது காலாண்டு

கடைக்காரர் சொன்ன நஷ்டம் இதுதான். 2024 அக்டோபர் 31 அன்று வந்த அறிக்கை. வருவாய் 1,330 கோடி டாலர். நிகர நஷ்டம் 1,660 கோடி டாலர்! விற்ற பணத்தைவிட நஷ்டம் அதிகம். முதலில் படித்தபோது அச்சுப்பிழை என்றே நினைத்தேன். மூன்று மாதத்தில் வந்த பணத்துக்கு மேல் எப்படி நஷ்டமாக முடியும்?

விடை உள்ளே இருக்கிறது. சுமார் 1,590 கோடி டாலர், சொத்துக்களின் மதிப்பைக் குறைத்து எழுதியது. பழைய தலைமுறை இயந்திரங்கள், முன்பு வாங்கிய நிறுவனங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த விலை, பின்னால் வரியில் கழித்துக்கொள்ளலாம் என்று கணக்கில் வைத்திருந்த தொகை எல்லாம் அதில் அடக்கம். இன்னும் 280 கோடி டாலர், ஆட்குறைப்பு முதலான மறுசீரமைப்புச் செலவு.

இதை அப்பாவுக்கு இப்படிச் சொன்னேன். ஒரு லட்சம் போட்டு வாங்கிய தறியை நோட்டில் அறுபதாயிரம் என்று எழுதி வைத்திருக்கிறோம். இன்று விற்றால் இரும்பு விலைக்கு இருபதாயிரம்தான் வரும் என்று தெரிகிறது. நோட்டைத் திருத்துகிறோம். நாற்பதாயிரம் நஷ்டம். ஆனால் இன்று பையிலிருந்து ஒரு பைசா போகவில்லை. அது முன்னாலேயே போன காசு, இன்றுதான் ஒத்துக்கொள்கிறோம்.

வேடிக்கை என்னவென்றால், இந்த அறிக்கைக்கு மறுநாள் பங்கு 7 சதவீதத்துக்கு மேல் ஏறியது. முன்கணிப்பு எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்ததுதான் காரணம். ஆனால் அதற்கு மூன்று மாதம் முன்பு, ஆகஸ்டு அறிக்கையில் நஷ்டம் 160 கோடி டாலர்தான். அன்று பங்கு ஒரே நாளில் 26 சதவீதம் விழுந்திருந்தது. சிறிய நஷ்டத்துக்குப் பெரிய அடி, பெரிய நஷ்டத்துக்குச் சின்ன ஏற்றம்! நாலாவது வரியை மட்டும் படித்தால் இது புரியவே புரியாது.

அதற்காக இன்டெல் நன்றாக இருக்கிறது என்று சொல்லவில்லை. இரண்டாவது வரியைப் பாருங்கள். 2019-ல் சுமார் 58 சதவீதமாக இருந்த மொத்த லாப விகிதம், 2024-ன் அந்தக் காலாண்டில் 15 சதவீதத்துக்கு இறங்கியது. மதிப்புக் குறைப்பில் ஒரு பகுதி இதிலும் சேர்ந்ததை ஒதுக்கிவிட்டாலும் இது நோய்தான். ஆண்டு விற்பனையும் 2021-ல் 7,900 கோடி டாலர், 2024-ல் 5,310 கோடி டாலர்.

சொந்தத் தறியும் கூலித் தறியும்

நோய் எங்கிருந்து வந்தது? இங்கேதான் அப்பாவின் கேள்வி எனக்கு வழிகாட்டியது.

எங்கள் வீட்டில் நாலு விசைத்தறி. ஜவுளி முதலாளி பாவும் நூலும் கொடுப்பார். நாங்கள் மீட்டர் கணக்கில் கூலிக்கு நெய்து கொடுப்போம். என்ன டிசைன், எந்தச் சந்தை என்பதெல்லாம் அவர் பாடு. தறி, தறிக் கடன், ரிப்பேர் எல்லாம் எங்கள் பாடு. துணி போகாவிட்டால் அவர் பாவு கொடுப்பதை நிறுத்திக்கொள்ளலாம். தறி நின்றாலும் எங்களுக்குத் தவணை நிற்காது.

ப்ராசஸர் தொழிலிலும் இந்த இரண்டு வகை உண்டு. தானே வடிவமைத்து, தன் ஆலையிலேயே செய்து, தானே விற்பது இன்டெல் முறை. ஏ.எம்.டி.-யும் முதலில் அப்படித்தான் இருந்தது. 2007, 2008 இரண்டு வருடத்திலும் தலா 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் வந்த பிறகு, 2009-ல் தன் ஆலைகளைப் பிரித்துக் கொடுத்துவிட்டது. அவைதான் குளோபல்ஃபவுண்டரீஸ் என்ற தனி நிறுவனம் ஆயின. இப்போது ஏ.எம்.டி. வடிவமைக்கும், தைவானில் இருக்கும் டி.எஸ்.எம்.சி. முக்கியமான சிப்புகளைச் செய்து கொடுக்கும். அதாவது ஏ.எம்.டி. பாவு கொடுக்கும் முதலாளி, டி.எஸ்.எம்.சி. கூலித் தறி. நம் ஊர்க் கூலித் தறிக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம் உண்டு. டி.எஸ்.எம்.சி. போல நெய்ய உலகத்தில் வேறு ஆள் கிடைப்பது கஷ்டம். அதனால் கூலியை அதுவே நிர்ணயிக்கும்.

எது நல்ல முறை? இரண்டிலும் நன்மை தீமை உண்டு. ஆலை நிறைய ஓடினால் சொந்தத் தறிக்காரருக்கு லாபம் முழுக்கத் தங்கும். ஓட்டம் குறைந்தால் தேய்மானம் முழுக்கத் தலையில் விழும். இன்டெல் 10 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் சிக்கிக்கொண்டது. 2016 வாக்கில் வர வேண்டிய அது, 2019-ல்தான் பெரிய அளவில் வந்தது. அதற்குள் டி.எஸ்.எம்.சி. முந்திவிட்டது. பின்தங்கியதைப் பிடிக்க 2021-ல் அரிசோனாவில் இரண்டு புதிய ஆலைகளுக்கு 2,000 கோடி டாலர் போடுவதாக இன்டெல் அறிவித்தது. செலவு இப்போது, பலன் பல வருடம் கழித்து.

2024-ல் இன்டெல் தன் கணக்கை இரண்டாகப் பிரித்துக் காட்டத் தொடங்கியது. ப்ராசஸர் வடிவமைத்து விற்கும் பிரிவு தனி, ஆலைப் பிரிவு தனி. அதன்படி 2023-ல் விற்கும் பிரிவு லாபம். ஆலைப் பிரிவு மட்டும் சுமார் 700 கோடி டாலர் இயக்க நஷ்டம்.

இதைப் படித்த அன்று ராத்திரி அப்பாவிடம் சொன்னேன்: "அப்பா, துணி விக்கிறதுல லாபம், தறிக்குடோன்லதான் நஷ்டம்."

"அப்படிச் சொல்லு" என்றார் அப்பா. "அது மூடற நஷ்டம் இல்ல. கடன் வாங்கிப் புதுத்தறி போட்டவன் நஷ்டம். தறி நல்லா ஓடுனா பொழைச்சுக்குவான். ஓடலைன்னா கஷ்டம்." பெரிய பெரிய நிபுணர்கள் எழுதியதன் சாரமும் ஏறக்குறைய இதுதான்!

ஐந்து நஷ்ட வருடங்கள்

இனி ஏ.எம்.டி. பக்கம் வருவோம். என்னை அதிகம் யோசிக்க வைத்தது இந்தப் பகுதிதான்.

2011-ல் ஏ.எம்.டி. கொண்டு வந்த புல்டோசர் ப்ராசஸர் எடுபடவில்லை. 2012-ல் 118 கோடி டாலர் நஷ்டம். 2013-ல் நஷ்டம். 2014-ல் நஷ்டம். 2015-ல் 66 கோடி டாலர் நஷ்டம். 2016-லும் சுமார் 50 கோடி டாலர் நஷ்டம். வரிசையாக ஐந்து வருடம். 2013-ல் ஆஸ்டின் நகரில் இருந்த தன் சொந்த வளாகத்தை விற்று, அதிலேயே வாடகைக்கு இருந்தது. 2015-ல் பங்கு விலை இரண்டு டாலருக்கும் கீழே போனது. அதே வருடம் ஏ.எம்.டி.-யின் மொத்த விற்பனை 399 கோடி டாலர். இன்டெல் ஆராய்ச்சிக்கு மட்டும் செலவழித்தது சுமார் 1,210 கோடி டாலர். அவர்கள் ஆராய்ச்சிச் செலவில் மூன்றில் ஒரு பங்குதான் இவர்களுடைய மொத்த வியாபாரம்!

ஆனால் அதே ஐந்து வருடத்தில்தான் இன்னொரு வேலையும் நடந்துகொண்டிருந்தது. ஜிம் கெல்லர் என்ற பொறியாளர் 2012-ல் ஏ.எம்.டி.-க்குத் திரும்பி வந்தார். ஜென் என்ற புதிய வடிவமைப்பை முதலிலிருந்து தொடங்கினார்கள். 2014 அக்டோபரில் லிசா சூ தலைமை நிர்வாகி ஆனார். மின்பொறியியலில் டாக்டர் பட்டம் பெற்றவர். பல வேலைகளைக் கைவிட்டாலும் ஜென்னைக் கைவிடவில்லை. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் விளையாட்டுப் பெட்டிகளுக்குச் சிப் விற்ற வருமானம் உயிரைப் பிடித்து வைத்தது.

2017 மார்ச்சில் ரைசன் வந்தது. ஜூனில் சர்வருக்கான எபிக் வந்தது. அப்போது சர்வர் சந்தையில் ஏ.எம்.டி.-யின் பங்கு ஒரு சதவீதத்துக்கும் கீழே. 2024-ல் நாலில் ஒரு பங்குக்கு அருகில். ஆண்டு விற்பனை 2015-ல் 399 கோடி, 2024-ல் சுமார் 2,580 கோடி டாலர்.

இப்போது இதையும் பாருங்கள். அந்த 2012 முதல் 2016 வரை இன்டெல் ஒவ்வொரு வருடமும் ஏறத்தாழ 1,000 கோடி டாலர் லாபம் காட்டியது. அதன் 10 நானோமீட்டர் சிக்கல் வளர்ந்ததும் இதே காலகட்டத்தில்தான். லாபக் கணக்குக்குள் நோய் வளர்ந்தது. நஷ்டக் கணக்குக்குள் மருந்து தயாரானது. இருபது காலாண்டு அறிக்கைகளின் கடைசி வரியில் இரண்டுமே தெரியவில்லை.

காரணம் எளிது. ஒரு புதிய ப்ராசஸரை வடிவமைத்துச் சந்தைக்குக் கொண்டு வர நாலைந்து வருடம் ஆகிறது. இன்று வரும் வருவாய், நாலைந்து வருடம் முன்பு எடுத்த முடிவின் விளைச்சல். இன்று செய்யும் ஆராய்ச்சி, இன்றைய கணக்கில் வெறும் செலவு. கீரை போட்டால் மூன்று வாரத்தில் பறிக்கலாம். தென்னை வைத்தால் ஐந்து வருடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். தென்னந்தோப்பைக் கீரைக் கணக்கில் அளந்தால் தோப்பையே வெட்டிவிடத் தோன்றும்.

போட்டியால் நமக்கு என்ன?

போட்டி இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்று பார்த்தாலே போதும். சாதாரண டெஸ்க்டாப்பில் இன்டெல் பத்து வருடம் நாலு கோர்களிலேயே நின்றது. எட்டு கோர் வேண்டுமானால் 1,000 டாலருக்கு மேல் தர வேண்டும். 2017-ல் ரைசன் எட்டு கோர்களை 499 டாலருக்குக் கொடுத்தது. அதே வருடம் இன்டெல் ஆறு கோர் தந்தது. அடுத்த வருடம் எட்டு. பத்து வருடம் முடியாதது இரண்டே வருடத்தில் முடிந்துவிட்டது!

இன்று ஏ.எம்.டி.-யும் நிம்மதியாக இல்லை. செயற்கை நுண்ணறிவுக்கான சிப்புகளில் என்விடியா இரண்டு பேரையும் தாண்டிப் போய்விட்டது. 2024 நவம்பரில் டவ் ஜோன்ஸ் பட்டியலில் இன்டெலை எடுத்துவிட்டு என்விடியாவைச் சேர்த்தார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க அரசே இன்டெலில் சுமார் 10 சதவீதப் பங்கை எடுத்துக்கொள்ள ஒப்பந்தம் ஆனது. முன்னால் போகிறவன் எப்போதும் முன்னாலேயே இருப்பான் என்பதற்கு இந்தத் தொழிலில் உத்தரவாதம் கிடையாது.

கடைசியாக

அன்று கடையில் நாங்கள் 15,000 ரூபாய் லேப்டாப்பையே வாங்கினோம். கம்பெனி நஷ்டமானால் ஏற்கெனவே செய்த ப்ராசஸர் மெதுவாகிவிடாது என்று அப்பா சொன்னார். நான் ராம், எஸ்.எஸ்.டி., பேட்டரி மூன்றையும் சோதித்தேன். நண்பர்களே, பழையது வாங்கும்போது நீங்களும் அதைத்தான் பார்க்க வேண்டும். எந்தத் தலைமுறை ப்ராசஸர், எத்தனை கோர், ராம் கூட்ட முடியுமா, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கிறது என்று பாருங்கள். கம்பெனியின் பங்கு விலை உங்கள் மேசைக்கு வராது. அந்த லேப்டாப்பில்தான் இந்தக் கட்டுரைக்கு வேண்டியதைப் படித்தேன்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தபோது எனக்கு இரண்டு அரியர். கணிதமும் ஆங்கிலமும். தமிழ் வழியில் படித்துவிட்டு வந்தவனுக்கு வகுப்பில் பாதி புரியவில்லை. விஷயம் தெரிந்து மாமா வீட்டுக்கு வந்தார். "கடன் வாங்கி லேப்டாப் வேற. பேசாம தறிக்கு அனுப்புங்க மச்சான், மாசம் ஒரு சம்பளமாவது மிஞ்சும்" என்றார். அவர் சொன்னதும் கணக்குத்தான். அந்த மூன்று மாதக் கணக்கில் நான் நஷ்டம். நான் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

அப்பா, "பாவு ஏத்திட்டு இருக்கறப்பவே துணி எங்கேன்னு கேட்டா எப்படி மாப்ளே? ஏத்தி முடிக்கட்டும்" என்றார். அவ்வளவுதான். வேறு ஒன்றும் பேசவில்லை.

கணிதத்தை அடுத்த முறையே எழுதிப் பாஸ் செய்துவிட்டேன். ஆங்கிலம் இன்னும் பாக்கி இருக்கிறது. இந்த ஏப்ரலில் எழுதப் போகிறேன்.

நம் கல்லூரியில் என்னைப் போல வீட்டில் முதல் ஆளாகப் படிக்க வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். ஒரு செமஸ்டர் மார்க்கைப் பார்த்துவிட்டு நின்றுவிடலாமா என்று யோசிப்பவர்களும் இருக்கிறீர்கள். போன வருடம் நம் வகுப்பில் இரண்டு பேர் நின்றே விட்டார்கள். அவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதினேன். காலாண்டுக் கணக்கைப் பாருங்கள், கட்டாயம் பாருங்கள். எங்கே குறைகிறது என்று அது காட்டும். இன்டெல் தன் குறையை வருடக்கணக்கில் லாபத்தில் மறைத்து வைத்ததால்தான் அடி பலமாக விழுந்தது. அதனால் அரியரை மறைக்காதீர்கள், மறக்காதீர்கள். ஆனால் அந்த ஒரு வரியை வைத்து, மூடிவிடலாம் என்று மட்டும் முடிவெடுத்துவிடாதீர்கள்.

தறி ஓடிக்கொண்டிருக்கட்டும், நண்பர்களே!